படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு காலி ஃபிரேம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று சில வருஷங்களாகத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருக்கிறேன். எழுதிப் பழகாத கை. கோடு போடச் சொன்னால் போடும், வரி எழுதச் சொன்னால் நின்றுவிடும். தவிர, இதில் சாமி வருகிறது. நான் ஒன்று நினைத்து எழுத, படிப்பவர் வேறொன்று நினைத்துக்கொண்டால் என்ன செய்வது என்ற பயம் உண்டு. எல்லாவற்றையும்விட, இது இன்னொருவர் வீட்டு விஷயம். ஒரு குழந்தையின் அம்மா சம்பந்தப்பட்டது.

அந்தக் குழந்தை இப்போது கல்லூரிக்குப் போகிறாள். சமீபத்தில் லஸ் முனையில் நான் பஸ்ஸுக்கு நின்றபோது அவளே ஓடிவந்து என் கையில் இருந்த காய்கறிப் பையை வாங்கிக்கொண்டாள். அங்கேயே கேட்டுவிட்டேன். "எழுதுங்க டீச்சர். பேர் மட்டும் போடாதீங்க" என்றாள். யார் பேரும் போடவில்லை. என் பேரும் இல்லை.

நான் மயிலாப்பூரில் ஒரு பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. டிராயிங் பரீட்சைகளை லோயர், ஹையர் என்று எழுதித் தேறி, அதன் பிறகு ஆசிரியர் சான்றிதழ் வாங்கி இந்த வேலைக்கு வந்தேன். காலையில் குளித்து, விளக்கேற்றி, தெப்பக்குளத்தைச் சுற்றிக்கொண்டு கோயிலுக்குப் போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் பள்ளிக்கூடம். என் வீட்டுக்காரர் தி.நகரில் ஒரு பாத்திரக்கடையில் இருக்கிறார். காலையில் போனால் இரவுதான் வருவார். எங்கள் வாழ்க்கையில் சொல்லிக்கொள்ளும்படி வேறு எதுவும் கிடையாது.

என் வகுப்பும் அப்படித்தான் இருந்தது. கரும்பலகையில் கட்டம் போட்டு ஒரு மாம்பழம் வரைவேன். பிள்ளைகள் நோட்டில் கட்டம் போட்டு அதே மாம்பழத்தை வரைவார்கள். மாம்பழம் முடிந்தால் குடம். குடம் முடிந்தால் மயில். பரீட்சை நெருங்கிவிட்டால் அதுவும் இல்லை. கணக்கு டீச்சர் வாசலில் வந்து நின்று, "உங்க பீரியடை எடுத்துக்கட்டுமா?" என்பார். நானும் கொடுத்துவிடுவேன்.

இப்படி இருந்தபோதுதான் சுற்றறிக்கை வந்தது. டிராயிங் ஆசிரியர்களுக்கு அடையாற்றில் சனிக்கிழமைதோறும் பயிற்சி, இந்தக் காலத்துக் கலையை வகுப்பறைக்குக் கொண்டுபோவது எப்படி என்று. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் போகணும், வேற யாரு இருக்கா" என்றார்.

மரங்கள் அடர்ந்த ஒரு பழைய பங்களா. கூடத்தில் நாற்காலி கிடையாது, எல்லோரும் தரையில் உட்கார வேண்டும். சொல்லிக் கொடுக்க வந்த பெண் என் மகள் வயதுதான் இருப்பார். முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். பேச்சு தன்மையாக இருந்தது. சுவரில் படம் காட்டினார். ஓர் அறை முழுக்கப் பழைய செருப்புகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வேறொன்றில் யாரோ ஒருவர் தன் வீட்டு அலமாரியை அப்படியே தூக்கிவந்து கண்காட்சியில் வைத்திருந்தார். இதெல்லாம் கலை, பொருள்களை ஓர் இடத்தில் வேறு மாதிரி அடுக்கிப் பார்ப்பது, பார்க்கிறவர் மனசில் கேள்வி வர வைப்பது என்றார்.

என் பக்கத்தில் தி.நகர் பையன்கள் பள்ளியிலிருந்து வந்த மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். ரிட்டயர் ஆகும் வயது. வாய் சும்மா இருக்காது. செருப்புப் படத்தைப் பார்த்ததும் என் பக்கம் சாய்ந்து, "சிஸ்டர், கோயில் வாசல்ல டோக்கன் போட்டு செருப்பு வெச்சிருக்கானே, அவனும் ஆர்ட்டிஸ்ட்தான் போல. இத்தனை நாளா நமக்குத் தெரியாமப் போச்சே" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அன்று வீட்டுக்கு வந்த பிறகு இருப்புக்கொள்ளவில்லை. சமையலறையில் கரண்டிகள் தொங்குவதைப் பார்த்தால் ஏதோ போல இருந்தது. பூஜை அலமாரியைத் துடைக்கும்போது ஒவ்வொரு படத்தையும் எடுத்து எடுத்துத் திரும்ப வைத்தேன். இது ஏன் இங்கே, அது ஏன் அங்கே என்று மனசு கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. சாமி படத்தை இருக்கும் இடத்தில் கும்பிட்டுப் பழகியவள் நான். கேள்வி கேட்டுப் பழகியவள் இல்லை.

அடுத்த சனிக்கிழமை போகக் கூடாது என்று நினைத்தேன். போனேன்.

பயிற்சி முடிகிற கட்டத்தில் ஒவ்வொருவரும் அவரவர் பள்ளியில் ஒன்று செய்து காட்ட வேண்டும் என்றார் அந்தப் பெண். பிள்ளைகள் வீட்டிலிருந்து பொருள் கொண்டுவர வேண்டும். என்ன பொருள் என்று நாம் சொல்லக் கூடாது, ஒரு கேள்வியை மட்டும் கொடுக்க வேண்டும். அடுக்குவதும் பிள்ளைகள்தான். இந்தக் கலை நிரந்தரம் கிடையாது, இரண்டொரு நாளில் கலைத்துவிட்டு அவரவர் பொருளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இதைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அது ஒன்றுதான் நிம்மதியாக இருந்தது.

எட்டாம் வகுப்பில் நான் கொடுத்த கேள்வி இது. "உங்க வீட்டுல தூக்கிப் போடவும் முடியாம, வெச்சிருக்கவும் முடியாம ஒரு பொருள் இருக்கும். அது என்ன?" பஸ்ஸில் வரும்போது எனக்குத் தோன்றியது. பெரிதாக யோசித்தது ஒன்றும் இல்லை.

புதன்கிழமை எல்லோரும் கொண்டுவந்தார்கள். ஜோடி தொலைந்த கொலுசு. அப்பாவின் உடைந்த ஹெல்மெட். எதற்கென்றே தெரியாத ஒரு ரிமோட். ஒருத்தி அக்காவின் கல்யாணப் பத்திரிகைக் கட்டு ஒன்றைத் தூக்கி வந்தாள். அந்தக் கல்யாணம் நடக்கவில்லையாம். ஆனால் பாதிக்கு மேல் வந்தவை சாமி படங்கள். கண்ணாடி விரிசல் விட்ட முருகன், கரையான் அரித்த லட்சுமி, ஈரத்தில் முகம் அழிந்துபோன பிள்ளையார்.

இது எனக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் உடைந்த சாமி படத்தை யாரும் குப்பையில் போட மாட்டோம். வீட்டிலும் வைத்துக்கொள்ள மாட்டோம். தெருமுனை அரசமரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு வந்துவிடுவோம். ஒவ்வொரு மரத்தடியிலும் பத்துப் பதினைந்து படம் இருக்கும். மழையும் வெயிலும் பார்த்துக்கொள்ளும். போகிற வருகிற யாராவது ஒரு பூவை வைத்துவிட்டுப் போவார்கள்.

"டீச்சர், இதை மரத்தடில வெக்கணும்னு எங்கம்மா எடுத்து வெச்சிருந்தாங்க. நான் கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றாள் ஒருத்தி. நான் அந்த முருகனை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் மேஜையில் வைத்தேன்.

கடைசி வரிசையில் ஒரு பெண். ஸ்கேல் இல்லாமலே நேர்கோடு போடுவாள், வகுப்பில் எனக்கு ரொம்பப் பிடித்தவள். மசூதித் தெருப் பக்கம் அவள் அப்பாவுக்குப் படம் ஃபிரேம் போடும் கடை. கடைக்கு மேலேயே வீடு. தலைமுறை தலைமுறையாக அங்கே இருப்பவர்கள். அவள் கையில் பழைய துப்பட்டாவில் சுற்றிய ஒன்று இருந்தது.

"டீச்சர், என்னுதுல படம் இல்ல. வெறும் ஃபிரேம்தான். பரவால்லையா?"

பிரித்துக் காட்டினாள். தேக்கு மரம், பாலிஷ் போடாதது. முன்னால் கண்ணாடி, பின்னால் ஒன்றும் இல்லை. மூலைகள் சேர்ந்த இடம் தெரியாத வேலை.

அவள் அம்மா இறந்த பிறகு அப்பா, அவள் வாயில் அத்தா, தன் கையால் செய்ததாம். அம்மாவின் போட்டோவை அதில் போட்டு மாட்ட ஆசை. வீட்டில் போட்டோ மாட்டக் கூடாது, மார்க்கத்தில் அது வழக்கம் இல்லை என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். போட்டோ பீரோவுக்குள் போயிற்று. ஃபிரேம் மட்டும் கடைச் சுவரில் காலியாக நிற்கிறது. அதில் வேறு யார் படத்தையும் போட்டு விற்க அவருக்கு மனசு வரவில்லை.

"அத்தாகிட்ட கேட்டியா?"

"அத்தா ஆம்பூர் போயிருக்காங்க, எங்க ஃபூஃபி, அத்தாவோட தங்கச்சி வீட்டுக்கு. சனிக்கிழமை காலைல வந்துடுவாங்க. அதுக்குள்ள நான் சுவத்துல மாட்டிடணும் டீச்சர்."

"வெள்ளிக்கிழமை எல்லாத்தையும் கலைச்சுடுவோம். கையில குடுத்துடறேன்" என்றேன். நம்பித்தான் சொன்னேன்.

மாடிப்படி திரும்பும் இடத்தில் கொஞ்சம் அகலமான தரை இருக்கிறது. பிள்ளைகள் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். சாமி படங்களைச் சுவரோரம் சாய்த்தார்கள். கொலுசையும் ரிமோட்டையும் ஹெல்மெட்டையும் நூலில் கட்டித் தொங்கவிட்டார்கள். நடுவில், முகத்துக்கு நேராக, அந்தக் காலி ஃபிரேம். அந்தப் பக்கம் ஒருத்தி, இந்தப் பக்கம் ஒருத்தி நின்று பார்த்தால் ஒருவர் மற்றவருக்குப் படம் போலத் தெரிந்தார்கள். அன்று மதியம் முழுக்க அங்கே ஒரே சிரிப்பு. நானும் நின்று பார்த்தேன். அந்தப் பயிற்சிப் பெண் அடையாற்றில் சொன்னது கொஞ்சம் புரிந்தது போலவும் இருந்தது.

வியாழக்கிழமை காலையில் நான் பள்ளிக்குள் நுழைந்தபோது மாடிப்படிக்குக் கீழே வரிசையாகச் செருப்புகள் கிடந்தன. மேலே ஏறினால் ஊதுபத்தி வாசனை. ஒவ்வொரு படத்துக்கும் கதம்பம், ஒவ்வொரு நெற்றியிலும் சந்தனம், குங்குமம். ஒரு தட்டில் கற்பூரம் எரிந்து கறுத்திருந்தது. காலி ஃபிரேமின் கண்ணாடிக்கு நடுவில் ஒரு பெரிய பொட்டு. மேல் மரச்சட்டத்திலும் மூன்று பொட்டு.

எங்கள் ஆயாம்மா துடைப்பத்தோடு நின்றிருந்தார். ஆற்றோரம் குடியிருந்து, வீடுகளை இடித்த பிறகு ஊருக்கு வெளியே கொண்டுபோய்விடப்பட்ட குடும்பம். முதல் பஸ் பிடித்து எங்களுக்கெல்லாம் முன்னால் வந்துவிடுவார்.

"ஆயாம்மா, யாரு இதெல்லாம் பண்ணது?"

"நான்தான். இன்னா டீச்சர் நீ, இத்தினி சாமிய கொணாந்து வச்சிட்டு நெத்திய மூளியா வுட்டுட்டுப் போய்ட்ட. ராத்திரிலாம் எனுக்கு அதே நெனப்பா கீது."

"இது சும்மா பசங்க அடுக்கினது."

"யாரு அடுக்கினா இன்னா. எங்க ஊட்ட இடிச்சப்ப மாரியாத்தா படத்த மரத்தாண்ட வச்சிட்டுத்தான் வண்டி ஏறினோம். எவனாவது ஒரு பூ வச்சிருப்பான்னு நெனச்சிகினுதான் இன்னிக்கும் சோறு துன்றேன்."

"இந்தக் காலி ஃபிரேமுக்கு எதுக்கு வெச்சீங்க?" என்று மட்டும் கேட்டேன்.

"அதுல இன்னா சாமின்னு தெரில. எல்லாத்துக்கும் வச்சிட்டு அத்த மட்டும் வுட்டா நல்லாவா இருக்கும்?"

இதற்குள் மற்ற டீச்சர்கள் ஒவ்வொருவராகச் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி வந்தார்கள். கணக்கு டீச்சர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். யாரோ ஒருவர் ஒரு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். என் கையும் தானாகக் கூப்பியது. அதை மறைக்கவில்லை, நான் அப்படித்தான். ஆனால் கும்பிட்ட கையை இறக்கும்போது கீழ்ப்படியில் அந்தப் பெண் நிற்பது தெரிந்தது. ஷூவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தன் ஃபிரேமையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியையிடம் போனேன். இன்றே கலைத்துவிடலாம் என்றேன். அவர் நெற்றியைச் சுருக்கி நாள்காட்டியைப் பார்த்தார்.

"கற்பூரம் காட்டியாச்சு. இனிமே நம்ம இஷ்டத்துக்கு எடுக்க முடியுமா? நாளைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை சாமியை யாராவது வெளிய அனுப்புவாங்களா? சனிக்கிழமை அஷ்டமி. ஞாயிறு நவமி. திங்கட்கிழமை தசமி, பேஷா எடுத்துடலாம்."

"இன்னிக்கே எடுத்தா என்ன மேடம்?"

"இன்னிக்கு வெச்ச பூ இன்னும் வாடலை. வேண்டாம்."

மதியம் அடையாற்றிலிருந்து அந்தப் பயிற்சிப் பெண் பார்வையிட வந்தார். இவராவது கலைக்கச் சொல்வார் என்று எனக்கு ஒரு நம்பிக்கை. படிக்கட்டில் ஏறியவர் அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கியிருந்தது.

"மேம், இதை நீங்களும் பண்ணல, பசங்களும் பண்ணல. தானா நடந்திருக்கு பாருங்க. நாங்க எத்தனை வருஷம் முயற்சி பண்ணாலும் இப்படி வராது" என்று சொல்லி எல்லாப் பக்கத்திலிருந்தும் போட்டோ எடுத்தார்.

"நாளைக்குக் கலைச்சுத் திருப்பிக் குடுத்துடணும் இல்லையா?" என்றேன்.

"ஐயோ, கலைக்காதீங்க மேம். ப்ளீஸ். இது எவ்வளவு நாள் இருக்குன்னு பார்க்கலாம்."

"நடுவுல இருக்கற ஃபிரேம் ஒரு பொண்ணோடது. சனிக்கிழமைக்குள்ள அவ வீட்டுக்குப் போகணும்."

"அதுதானே மேம் இதுக்கு உயிரே. அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கு?"

சாமிக்குப் பயந்து ஒருவர் எடுக்காதே என்கிறார். சாமியைப் பற்றிக் கவலையே இல்லாத இன்னொருவரும் எடுக்காதே என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் ஃபிரேம் கொண்டுவந்த பெண் ஒவ்வொரு மணி அடிக்கும்போதும் ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நிற்கிறாள். உள்ளே வர மாட்டாள். "எப்ப டீச்சர்?" என்று கண்ணாலேயே கேட்டுவிட்டுப் போவாள்.

அன்று சாயந்திரம் கோயிலுக்குப் போனேன். பிரகாரத்தைச் சுற்றினேன், எத்தனை சுற்று என்று நினைவில்லை. நின்று கும்பிட முடியவில்லை. கற்பூரம் காட்டிய இடத்தைக் கலைத்து எனக்கோ என் பிள்ளைகளுக்கோ ஏதாவது வந்துவிட்டால் என்ற பயம் ஒரு பக்கம், அந்தப் பெண்ணுக்குக் கொடுத்த வாக்கு இன்னொரு பக்கம். படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். எனக்கு அது நிஜமான பயம்.

வீட்டுக்காரர் அன்று கொஞ்சம் சீக்கிரம் வந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

"நீ டிராயிங் சொல்லிக் குடுக்கப் போனியா, கோயில் கட்டப் போனியா?" என்றார்.

"விளையாடாதீங்க."

"சரி. அந்தப் பொண்ணுகிட்ட குடுத்துடறேன்னு சொன்னியா?"

"சொன்னேன்."

"அப்புறம் என்ன? குடு." சாப்பாட்டில் குனிந்துகொண்டார். அவருக்கு எல்லாமே சுலபம்.

வெள்ளிக்கிழமை பாடம் எடுத்தேன் என்று பேர். கரும்பலகையில் என்ன வரைந்தேன் என்று கேட்டால் தெரியாது. கடைசி மணி அடித்துக் கூட்டம் வெளியேறும் வரை காத்திருந்து அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு படி ஏறினேன். புதுப்பூ போட்டிருந்தார்கள். மனசுக்குள் என் சாமியிடம், இது அவர்கள் வீட்டுப் பொருள், உனக்குத் தெரியும், என்று சொல்லிவிட்டுக் கையை உயர்த்தினேன். நூல் முடிச்சு எட்டவில்லை.

பின்னால் ஆயாம்மாவின் குரல். "இன்னா டீச்சர், வெள்ளிக்கெயமெ அதுவுமா?"

"ஆயாம்மா, இது சாமி இல்ல. இவ அம்மாவுக்காகப் பண்ண ஃபிரேம். இவ அத்தா வர்றதுக்குள்ள போயாகணும்."

ஆயாம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தார். "அம்மா இல்லியா?"

அவள் இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப சாமிதான்" என்றார் ஆயாம்மா. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரே ஏறி முடிச்சை அவிழ்த்து ஃபிரேமை இறக்கினார். "இந்தா மே. ஊட்டுக்கு இட்டுகினு போ."

கண்ணாடியில் இருந்த பொட்டு ஈரத்துணியில் வந்துவிட்டது. மரத்தில் இருந்தது வரவில்லை. சந்தனத்தோடு நீர்விட்டுக் குழைத்து வைத்த குங்குமம், பாலிஷ் இல்லாத தேக்கு. துடைக்கத் துடைக்கச் சிவப்பு அகலமாகிக்கொண்டே போனது. அந்தப் பெண் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "போதும் டீச்சர்."

துப்பட்டாவில் சுற்றிக்கொண்டு இருவரும் நடந்தோம். சாயந்திர நெரிசல். மாட வீதியில் காய்கறித் தள்ளுவண்டிகளுக்கு நடுவில் அவள் எனக்கு முன்னால் வேகமாகப் போனாள். கடையின் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது, வாங்கித் திறந்து மாட்டிவிட்டால் தீர்ந்தது. கறை பற்றி நாளை நான் வந்து அவள் அத்தாவிடம் சொல்லிக்கொள்கிறேன் என்றேன்.

கடை திறந்திருந்தது. சனிக்கிழமை வரவேண்டியவர் வந்துவிட்டிருந்தார். உட்கார்ந்து ஒரு மரத்துண்டை இழைத்துக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக் கண்ணாடி போட வந்த படங்கள், அதில் பாதி எங்கள் சாமிகள். சுவரில் ஒரே ஒரு ஆணி காலியாக இருந்தது. அவர் அதைப் பார்த்துவிட்டார் என்பதும் யாரையும் கேட்கவில்லை என்பதும் அவர் உட்கார்ந்திருந்த விதத்தில் தெரிந்தது.

நான் யார் என்று சொன்னேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னேன். வேகமாகச் சொன்னேன் என்று நினைக்கிறேன், மூச்சு வாங்கியது. அவர் ஃபிரேமை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கறையைக் கட்டைவிரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தார்.

"இங்க வர்ற படம் எல்லாத்துலயும் இருக்கறதுதான் டீச்சர். இதனால ஒண்ணும் இல்ல" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. ஆனால் அவர் முடிக்கவில்லை. மகள் பக்கம் திரும்பினார்.

"டீச்சர் உங்ககிட்ட என்ன கேள்வி கேட்டாங்க?"

அவள் தலை குனிந்தபடியே சொன்னாள். "தூக்கிப் போடவும் முடியாம, வெச்சிருக்கவும் முடியாம இருக்கறதைக் கேட்டாங்க."

"இது அப்படியா?"

குரல் உயரவே இல்லை. கேட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்தார். குங்குமத்தைப் பற்றி இரண்டு நாளாக நான் பட்ட பயமெல்லாம் தப்பான இடத்தில் நின்றுகொண்டிருந்தது என்று அப்போது தெரிந்தது. பஸ்ஸில் வரும்போது தோன்றிய கேள்வியை நான் கேட்டுவிட்டேன். அது இந்தக் கடைக்குள் வந்து இவர் முன்னால் நிற்கிறது.

அவள் தலையை நிமிர்த்தினாள். பிறகு, "ஆமா அத்தா. அம்மா போட்டோவைப் போட்டு மாட்டவும் மாட்டேங்கறீங்க, விக்கவும் மாட்டேங்கறீங்க. வெளிய போறப்பவும் வர்றப்பவும் அந்தச் சுவரைப் பார்க்காம திரும்பிக்கறீங்க. எனக்கு அம்மா போட்டோவைக் காட்டிக்கூட ரொம்ப நாளாச்சு" என்றாள்.

அவர் மரத்தூளை வேட்டியிலிருந்து தட்டிவிட்டார். எழுந்தார். "டீச்சர், டீ சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு, ஆளை அனுப்பாமல் அவரே வெளியே போனார். டீக்கடை இரண்டு கடை தள்ளித்தான். அவர் திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. கண்ணாடி டம்ளரில் இருந்த டீ ஆறிப்போயிருந்தது. நான் அதைக் குடித்தேன். ஃபிரேம் அவர் உட்கார்ந்திருந்த இடத்தில் இருந்தது, நான் கிளம்பும் வரை அங்கேதான் இருந்தது.

தசமியன்று மற்றப் படங்களை எல்லாம் முறைப்படி எடுத்தோம். ஆயாம்மாவும் பிள்ளைகளுமாகக் கொண்டுபோய் மரத்தடியில் வைத்தார்கள். எனக்குப் பயிற்சிச் சான்றிதழ் வந்தது.

பிறகுதான் பேச்சு கிளம்பியது. அடுத்த பயிற்சியில் என் படிக்கட்டைச் சுவரில் காட்டினார்களாம், எல்லா மதமும் ஒரு ஃபிரேமில் சேர்ந்தது என்று சொன்னார்களாம். தி.நகர் மாஸ்டர் போனில் கூப்பிட்டு, "சிஸ்டர், பொட்டு வெச்சதுக்கு அவங்கப்பா ஸ்கூலுக்கு வந்து சத்தம் போட்டாராமே, போலீஸ் வரைக்கும் போச்சாமே" என்றார். அப்படி ஒன்றும் இல்லை என்றேன். "நீங்க மறைக்கறீங்க" என்றார். கோயிலில் பார்த்த ஒரு அம்மாள், அந்தக் காலி கண்ணாடியில் தானாகவே பொட்டு தெரிந்ததாமே என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

ஒரு நாள் அந்தப் பெண்ணே வந்தாள். அப்போது ஒன்பதாவது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இருவர் அவள் அப்பாவைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தார்களாம், அவள் யார் என்று தெரியாமல். "அத்தா சண்டையே போடல டீச்சர். சத்தமாக்கூடப் பேசல. யாராவது கேட்டா நீங்க சொல்லுவீங்களா?" என்றாள். சொல்கிறேன் என்றேன். கேட்டவர்களுக்கெல்லாம் சொன்னேன். ஆனால் சொல்லி முடிக்குமுன்பே அது வேறாகிவிடுகிறது. சண்டை வேண்டும் என்பவர்கள் சண்டையை வைத்துக்கொள்கிறார்கள், அற்புதம் வேண்டும் என்பவர்கள் அற்புதத்தை. அதனால்தான் வராத கையை வைத்துக்கொண்டு எழுத உட்கார்ந்தேன்.

அந்த ஃபிரேமில் பிறகு படம் வந்ததா என்று எனக்குத் தெரியாது. லஸ் முனையில் அவளைப் பார்த்தபோதும் கேட்கவில்லை. நான் கேட்ட கேள்வி ஒன்று போதும்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் யாரிடமாவது சொல்வீர்கள், சொல்லாமல் இருக்க மாட்டீர்கள். சொல்லும்போது அவள் அப்பாவுக்குக் கோபம் வந்ததாகச் சேர்க்க வேண்டாம். அவர் பெருந்தன்மையாக மன்னித்ததாகவும் சேர்க்க வேண்டாம், அவர் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆயாம்மாவை விட்டுவிட வேண்டாம். தன் மகளிடம் அவர் "இது அப்படியா?" என்று கேட்டார், அவள் "ஆமா அத்தா" என்றாள், அவர் டீ வாங்கப் போனார். இதை இப்படியே சொல்லுங்கள். உங்களிடம் கேட்பவரையும் இப்படியே சொல்லச் சொல்லுங்கள். அந்தத் தெருவில் அவர் இன்னும் கடை வைத்திருக்கிறார்.